அரசர் வராத ஊர்களில் அரசருக்கு ஒரு கூடம்

வியாழன், ஜொன்ஜு

தென்கொரியாவின் ஜொன்ஜுவுக்கு வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் ஹனோக் கிராமத்துக்குத்தான் போவார்கள். ஓட்டு வீடுகள், வாடகைக்குக் கிடைக்கும் பழங்கால உடை, பிபிம்பாப் என்று பொழுது இனிமையாகப் போய்விடும். நாங்கள் அதை நாளைக் காலைக்குத் தள்ளிவைத்துவிட்டு ஊர் நடுவே இருக்கும் கேக்சா என்ற பழைய மாளிகைக்கு நேராகப் போனோம். சியோலில் படிக்கும் சித்தி மகன் என்னோடு வருகிறான். அவனுக்குக் கொரிய மொழி நன்றாகப் பேச வரும். எனக்குப் பெயர்ப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

1392-இல் தொடங்கி ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கொரியாவை ஆண்டது ஜோசன் அரசு. அந்தக் காலத்தில் மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் அரசே ஒரு விருந்தினர் மாளிகை கட்டி வைத்திருந்தது. அலுவல் பயணமாக வரும் அதிகாரிகளும் தூதர்களும் அதில் தங்குவார்கள். அதுதான் கேக்சா. கட்டடத்தை முன்னால் நின்று பார்த்தால் மூன்று பகுதி தெரியும். நடுவே ஒரு கூடம், அதன் இடமும் வலமும் இரண்டு நீண்ட சிறகுகள். நடுக்கூடத்தின் கூரை மட்டும் உயர்ந்து நிற்கும். பக்கத்துக் கூரைகள் இரண்டும் ஒரு படி தாழ்ந்திருக்கும்.

"அக்கா, பெரிய அதிகாரி வந்தா நடுக்கூடத்துல தங்குவாரா?" என்று தம்பி கேட்டான்.

"அங்க யாரும் தங்க மாட்டாங்க. அது ராஜாவுக்கு."

"ராஜா எப்ப வருவார்?"

"வரவே மாட்டார்."

இந்தக் கட்டடங்களைத் தேடி நான் வந்ததற்குக் காரணமே இதுதான். நடுக்கூடத்தில் ஜொன்பே என்ற மரப்பலகை ஒன்று இருக்கும். அதில் அரண்மனையைக் குறிக்கும் ஒரே ஒரு சீன எழுத்து. அந்தப் பலகைதான் அங்கே அரசர். பயணம் வந்த அதிகாரி எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பக்கத்துச் சிறகில்தான் படுக்க வேண்டும். ஊரிலேயே நல்ல கூடம், உயர்ந்த கூரை, பெரிய தூண்கள் எல்லாம் ஒரு பலகைக்கு. அந்தப் பலகையின் நிழலில் நாடு முழுவதும் அதிகாரிகள் தூங்கி எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

ஜொன்ஜு கேக்சாவுக்குப் பெயர் புங்பேஜிகுவான். ஜோசன் அரச குலமான யீ குடும்பத்தின் பூர்விகம் ஜொன்ஜு. சீனத்தில் ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங் பிறந்த மண்ணின் பெயரை இந்த மாளிகைக்கு வைத்து, 'இதுவும் ஓர் அரச குலத்தின் ஊர்' என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பலகையை நேரில் பார்க்க வேண்டும். நான்கரை மீட்டருக்கும் அதிக நீளம். 1606-இல் மிங் அரசின் தூதராகக் கொரியாவுக்கு வந்த ஜூ ஜிஃபானின் கையெழுத்து என்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தும் ஆள் உயரத்தை நெருங்குகிறது. கூடத்தின் முகப்பையே அந்தப் பலகை நிறைத்துவிடுகிறது.

இந்த மாளிகைக்கு இன்னொரு கதையும் உண்டு. ஜோசன் அரசின் வரலாற்றுப் பதிவேடுகளைப் பிரதியெடுத்து நான்கு இடங்களில் பாதுகாத்தார்கள். அவற்றில் ஒன்று ஜொன்ஜு. 1473-இல் இங்கே அந்த ஆவணக் காப்பகத்தைக் கட்டியபோது மிஞ்சிய பொருள்களைக் கொண்டுதான் கேக்சாவின் மேற்குச் சிறகைப் புதுப்பித்தார்கள். 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தபோது மற்ற மூன்று பிரதிகளும் அழிந்துவிட்டன. ஜொன்ஜு பிரதியை மட்டும் ஆன் உய், சொன் ஹோங்-ரோக் என்ற இரண்டு உள்ளூர் அறிஞர்கள் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள். முதல் இருநூறு ஆண்டு ஜோசன் வரலாறு இன்று நம் கையில் இருப்பதற்கு அவர்கள்தான் காரணம். அந்தக் காப்பகத்தின் மிச்சப் பொருள்களில் புதுப்பித்த சிறகு இது என்று நினைத்தபடி தூண்களைப் பார்த்தால் மனசு நெகிழ்ந்துவிடுகிறது.

கிழக்குச் சிறகுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் (1910–45), 1914-இல், சாலையை அகலப்படுத்த அதை இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1999-இல் திரும்பக் கட்டியது.

இன்று கேக்சாவைச் சுற்றிலும் கடைத்தெரு. செருப்புக் கடை, காபிக் கடை, சினிமா. கட்டணம் கிடையாது. "கேக்சாகிட்ட நில்லு, வந்துடறேன்" என்பது இந்த ஊர் இளைஞர்கள் தினமும் சொல்லும் வாக்கியம் என்று தம்பி சொன்னான். நாங்கள் போனபோதும் நிறையப் பேர் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றார்கள். பழைய கட்டடத்தைப் பூட்டிவைத்து வேலி வழியாகக் காட்டும் இடங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். இங்கே ஊரே அதைப் புழங்கிக்கொண்டிருக்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

வெள்ளி, நாஜு

காலையில் முளைகட்டிய சோயா பயறு போட்ட குக்பாப் என்ற சூப்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, ஹனோக் கிராமத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இக்சானில் ரயில் மாறி நாஜு வந்தோம். இந்த மாகாணத்தின் பெயரே ஜொல்லா. ஜொன்ஜுவின் முதல் அசையையும் நாஜுவின் முதல் அசையையும் சேர்த்து (சேரும்போது ஒலி கொஞ்சம் மாறுகிறது) 1018-இல் வைத்த பெயர். அப்படி மாகாணத்துக்கே பாதிப் பெயரைக் கொடுத்த ஊர் இன்று ஓர் அமைதியான சிற்றூர்போல இருக்கிறது. தலைமை எல்லாம் பக்கத்து குவாங்ஜுவுக்குப் போய்விட்டது. ஒரு வகையில் அதுவும் நல்லதாகப் போயிற்று. உயரக் கட்டடங்கள் வந்து முட்டாததால் கோட்டை வாசல், கேக்சா, அதிகாரியின் வீடு, முரசு மண்டபம், கன்ஃபூசியப் பள்ளி எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு ஜோசன் கால ஊர் எப்படி அமைந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள நாஜுவுக்குத்தான் வர வேண்டும்.

முதலில் சாப்பாடு. கேக்சா வாசலுக்கு எதிரிலேயே கொம்தாங் கடைகள். மாட்டிறைச்சியைக் கொதிக்கவிட்டு எடுத்த தெளிவான சூப்பு, அதற்குள்ளேயே சோறு. பெரிய அண்டாவில் சூப்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது. சோறு போட்ட கிண்ணத்தில் சூடான சூப்பை ஊற்றுகிறார்கள், வடிக்கிறார்கள், மறுபடி ஊற்றுகிறார்கள். சோறு உள்ளே வரை சூடேறிய பிறகுதான் கிண்ணம் மேசைக்கு வரும். கூடவே முள்ளங்கிக் கிம்ச்சி. பரிமாறிய பாட்டி, தம்பி கொரிய மொழியில் பேசியதைக் கேட்டுச் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் முள்ளங்கி வைத்தார். வெளியே குளிர் இருந்த அளவுக்கு உள்ளே அந்தச் சூப்பு இதமாக இருந்தது.

மங்ஹ்வாரு என்ற இரண்டடுக்கு வாசல் வழியாக உள்ளே போனால் பெரிய வெட்டவெளி. நடுவே கல் பாவிய பாதை. அதன் முடிவில் நாஜுவின் கேக்சாவான கும்சொங்குவான். ஜொன்ஜுவில் கடைகளுக்கு நடுவே பார்த்ததால் கேக்சாவின் கம்பீரம் எனக்கு முழுதாகப் புரியவில்லை. இங்கே அந்தப் பாதையில் நடக்கும்போதே புரிந்துவிட்டது. தூணுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள அங்கணத்தைக் கணக்கு வைத்துத்தான் கொரியாவில் கட்டடத்தை அளப்பார்கள். நடுக்கூடம் முன்பக்கம் ஐந்து அங்கணம், பக்கவாட்டில் நான்கு. கேக்சாக்களின் நடுக்கூடத்துக்குப் பொதுவாக இரண்டு பக்கம் மட்டும் சரியும் எளிய கூரைதான் இருக்கும். இதற்கு நான்கு பக்கமும் இறங்கி, நுனிகள் மேலே வளைந்த கூரை. அரண்மனைக் கட்டடத்தைப் பார்ப்பது போலவே இருக்கிறது.

நாஜுவை ஆண்ட அதிகாரிக்கு மோக்சா என்று பதவிப் பெயர். யீ யு-இன் என்ற மோக்சா 1480-களின் கடைசியில் இந்த மாளிகையைக் கட்டினார். பிறகு 1603-லும் அதற்கப்புறமும் பல முறை பழுது பார்த்திருக்கிறார்கள்.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மோக்சா தன் அதிகாரிகளை அழைத்துக்கொண்டு இந்த முற்றத்தில் நின்று பலகையை வணங்குவார். அந்தச் சடங்குக்கு மங்குவொல்ரே என்று பெயர். புதிதாகப் பதவிக்கு வருகிறவரும் தன் அலுவலகத்துக்குள் நுழைவதற்கு முன்பு இங்கே வந்து வணங்க வேண்டும். அரசர் இறந்த செய்தி வந்தால் துக்கம் அனுசரிப்பதும் இங்கேதான். சியோலில் இருந்து பல நாள் நடைத் தொலைவில் உள்ள ஊர் இது. இங்குள்ள மக்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் ஆயுளில் அரசரைப் பார்த்ததே இல்லை. ஆனால் மாதம் இரண்டு முறை தங்கள் மோக்சா ஒருவருக்கு முன்னால் குனிவதைப் பார்த்தார்கள். தொலைவில் இருக்கும் ஆட்சியை உள்ளூரில் நிலைநிறுத்தப் படையை அனுப்பாமல் இப்படி ஒரு வழி கண்டிருக்கிறார்களே என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

அந்தப் பலகைக்கு இருந்த மதிப்பே சில சமயம் அதிகாரிகளுக்கு எதிராகவும் திரும்பியிருக்கிறது. ஜொன்பேயை உடைத்தாலோ திருடினாலோ அரசத் துரோகம். செய்தவருக்கு மரணம். ஊரின் தகுதியையே குறைத்துவிடுவார்கள், ஊரை ஆளும் அதிகாரியின் பதவியும் போய்விடும். அதனால், பிடிக்காத அதிகாரியைத் துரத்துவதற்காகவே இரவில் புகுந்து பலகையைச் சேதப்படுத்திய சம்பவங்கள் ஜோசன் காலத்தில் பல ஊர்களில் நடந்திருக்கின்றன. மாட்டினால் உயிர் போகும் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். அந்த அதிகாரிகள் மக்களை எவ்வளவு வதைத்திருக்க வேண்டும்!

இந்த முற்றத்துக்கு இன்னும் பெரிய நினைவுகள் உண்டு. 1592-இல் ஜப்பானியப் படை வந்தபோது இந்த ஊர்க்காரரான கிம் சொன்-இல், தொண்டர் படை ஒன்றைத் திரட்டி இங்கிருந்து வடக்கே புறப்பட்டார். அவர் தொழில்முறைப் போர்வீரர் இல்லை, படித்த மனிதர். அடுத்த ஆண்டே ஜின்ஜு கோட்டை விழுந்தபோது மகனோடு சேர்ந்து உயிர் விட்டார். அதற்கு முந்நூறு ஆண்டு கழித்து, 1895-இல், அரசி மியோங்சொங்கை ஜப்பானியர்கள் அரண்மனைக்குள்ளேயே கொன்றார்கள். அப்போது நாஜு மக்கள் துக்கம் அனுசரித்ததும் இந்தக் கூடத்தில்தான்.

ஜப்பானிய ஆட்சியில் இதே கூடத்தைச் சுவர் வைத்து, ஜன்னல் வைத்து மாவட்ட அலுவலகமாக மாற்றினார்கள். நாடெங்கும் கேக்சாக்களுக்கு இதுதான் நடந்தது. அரசரே இல்லாமல் போன பிறகு அரசரின் கூடத்துக்கு என்ன வேலை? பெரிய கூடங்கள் என்பதால் அலுவலகமாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆக்கிக்கொண்டார்கள். பயனில்லை என்று பட்டவற்றை இடித்தார்கள். கும்சொங்குவானை 1970-களில்தான் பிரித்துச் சீர்செய்து பழைய உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

பின்பக்கம் மறக்காமல் போய்ப் பாருங்கள். இரண்டு பெரிய கிங்கோ மரங்கள், அறுநூறு வயதுக்கு மேல் என்கிறார்கள். அப்படியென்றால் மாளிகையைவிட மூத்தவை. நவம்பர் என்பதால் இலை முழுக்க மஞ்சள். பள்ளிச் சிறுவர்கள் இலைகளை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் கொட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். தம்பி படம் எடுத்துத் தள்ளினான்.

இரவு தங்கியது கும்ஹாக்ஹொன்னில். இது மோக்சா குடும்பத்தோடு குடியிருந்த வீடு. இப்போது அறைகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். மோக்சாவின் வீட்டில் யார் வேண்டுமானாலும் முன்பதிவு செய்து தூங்கலாம்! தரையில் மெத்தை விரித்துப் படுக்கை. தரை சூடாக இருக்கிறது. அடுப்பின் வெப்பத்தைத் தரைக் கற்களுக்கு அடியில் ஓடவிட்டு அறையைச் சூடாக்கும் ஒண்டோல் என்ற முறை இது. இன்று பெரும்பாலும் குழாயில் வெந்நீர் ஓடுகிறது, அந்தக் காலத்தில் விறகுப் புகை. கேக்சாவின் இரண்டு சிறகுகளிலும் இதே ஏற்பாடுதான், ஒரு பக்கம் கோடைக்கு மரத்தளம் போட்ட திறந்த கூடம், ஒரு பக்கம் குளிருக்கு ஒண்டோல் அறை. நடுக்கூடத்துக்கு மட்டும் சூடு கிடையாது. பலகைக்குக் குளிராதே.

நாள் முழுக்க மழையிலோ பனியிலோ குதிரையில் வந்த ஒருவர் இந்தச் சூட்டில் முதுகைச் சாய்த்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கண் செருகுகிறது. மிச்சம் நாளைக்கு.

சனி, நாஜு காலை

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெங்நாமு மரம். ஐந்நூறு வயது இருக்கும் என்கிறார்கள். 1980-களில் இடி விழுந்து பிளந்துவிட்டதாம். ஊர்க்காரர்கள் சேர்ந்து பிளவைக் கட்டிக் காப்பாற்ற, இன்றும் தழைத்து நிற்கிறது. அதனால் அதைக் கட்டிப்பிடித்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. நானும் கட்டிப்பிடித்தேன்.

அப்புறம் ஜொங்சுரு முரசு மண்டபம். கிம் சொங்-இல் என்ற மோக்சா, குறை உள்ளவர்கள் வந்து அடிக்கலாம் என்று இங்கே முரசு வைத்ததாக ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள்.

நேற்று தம்பி கேட்ட ஒரு கேள்விக்கு இன்று பதில் சொன்னேன். "அதிகாரி கேக்சாவுல தங்குவார். சாதாரண ஜனம் எங்க தங்கும்?" வழிப்பயணத்துக்கு அப்போது பல ஏற்பாடுகள் இருந்தன. ஏறத்தாழ 30 ரீ, அதாவது 12 கிலோமீட்டருக்கு ஒன்றாகக் குதிரை நிலையங்கள் இருக்கும். குதிரை கேட்கும் அதிகாரி மாபே என்ற வெண்கல வட்டைக் காட்ட வேண்டும். அதில் எத்தனை குதிரை பொறித்திருக்கிறதோ அத்தனைதான் கிடைக்கும். பெருவழிகளில் 'வொன்' என்று முடியும் பெயர்களோடு தங்குமிடங்கள் இருந்தன. சியோலில் எல்லா வெளிநாட்டுக்காரர்களும் போகும் இடேவொன் அப்படி ஒரு தங்குமிடத்தின் பெயர்தான். மற்றவர்களுக்கு ஜுமாக் என்ற சாப்பாட்டுக் கடைகள். சூப்பும் அரிசிக் கள்ளும் வாங்கினால் படுக்க இடமும் கிடைக்கும்.

ஜோசனின் முதல் நூற்றாண்டுகளில் மாகாண ஆளுநருக்கே நிலையான இருப்பிடம் கிடையாது. பதவிக்காலம் முழுக்க ஊர் ஊராகச் சுற்றிக் கணக்கும் வழக்கும் பார்க்க வேண்டும். கேக்சாக்கள் இல்லையென்றால் அந்த நிர்வாகம் ஓடியிருக்காது. அரண்மனைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆட்சி உண்மையில் நடந்தது இந்தத் தங்குமிடங்களின் பலத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாஜு பேரிக்காய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு மதியம் சியோல் ரயில் ஏறினோம். ஒவ்வொன்றும் பெரிய மாதுளை அளவு. நறுக்கினால் சாறு வழிகிறது.

ஞாயிறு, காங்னுங்

2018 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டிப் போட்ட அதிவேக ரயில் பாதையால் கிழக்குக் கடற்கரைக்குச் சியோலில் இருந்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். பழைய அதிகாரிகள் தேபேக் மலைத்தொடரைத் தாண்டித்தான் இங்கே வந்தார்கள். ரயில் சுரங்கத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும்போது மேலே அந்த மலை எவ்வளவு உயரம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காங்னுங்கின் கேக்சாவுக்கு இம்யோங்குவான் என்று பெயர். ஜோசனுக்கும் முந்தைய கோரியோ அரசின் காலத்தில், 936-இல் நிறுவியது. நான் வந்தது அதன் வாசலைப் பார்க்க. மூன்று கதவு கொண்ட அந்த மர வாசல் கோரியோ காலத்துக் கட்டடம். தென்கொரியாவின் தேசியச் செல்வங்களின் பட்டியலில் 51-ஆம் எண்ணில் வைத்திருந்தார்கள். கொரியாவில் கோரியோ காலத்து மரக்கட்டடங்கள் மிகச் சிலதான் மிஞ்சியிருக்கின்றன.

தூண்களை நன்றாகக் கவனித்துப் பாருங்கள். கீழிருந்து மேலே போகும்போது நடுவில் பருத்து மறுபடி ஒடுங்குகின்றன. நேரான தூண் தூரத்தில் இருந்து பார்த்தால் இடையில் மெலிந்தது போலத் தெரியும் என்பதால் இப்படிச் செதுக்குவார்கள். கொரிய மரக்கட்டடங்களில் இந்தப் பருமன் மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். தூணின் தலையில் இருக்கும் போதிகைகளில் மிகையான வேலைப்பாடு இல்லை. உத்தரத்தின் பாரத்தை அவை எப்படித் தூணுக்கு இறக்குகின்றன என்பது அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. நான் பார்த்த மரவேலைகளிலேயே இதைத்தான் முதலில் வைப்பேன். 1366-இல் இந்தப் பக்கம் வந்த கோரியோ அரசர் கோங்மின், இம்யோங்குவான் என்ற பெயர்ப்பலகையைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார் என்பது மரபு.

வாசலுக்கு உள்ளே இருந்த மாளிகையை ஜப்பானிய ஆட்சிக் காலத்தில் பள்ளிக்கூடமாகப் பயன்படுத்தி, 1929-இல் இடித்துவிட்டார்கள். வாசல் மட்டும் தப்பியது. அதற்குப் பின்னால் பல பத்தாண்டுகள் கேக்சாக் கூடம் எதுவும் இல்லை. இப்போது உள்ளே நிற்பது 2006-இல் முடித்த மறுகட்டுமானம். மரம் இன்னும் புதிதாகத் தெரிகிறது. "புதுசுதானே, இதுல என்ன இருக்கு" என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. உள்ளே போய் நடுக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வாசலைப் பார்த்தபோதுதான், அது ஏன் அவ்வளவு நிதானமாக, அவ்வளவு கவனமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிடிபட்டது. பின்னால் கூடம் இல்லாவிட்டால் அந்த மூன்று கதவும் எங்கே திறக்கின்றன என்று யாருக்கும் புரியாது. கட்டியவர்களுக்கு நன்றி.

பக்கத்திலேயே சில்சாதாங் என்ற பழைய அலுவலகக் கட்டடம். ஆண்டுதோறும் நடக்கும் தானோ திருவிழாவுக்கான படையல் மதுவை அங்கேதான் காய்ச்சத் தொடங்குவார்கள். அந்த விழாவை 2005-இல் யுனெஸ்கோ மனிதகுல மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. விழாக் காலத்தில் வந்தால் இந்த வளாகம் முழுக்க ஆட்களாக இருக்குமாம்.

மாலையில் கடற்கரைக்குப் போய்க் காபி குடித்துக்கொண்டே தம்பியோடு அடுத்த பயணத்தைப் பேசினோம். தெற்குக் கடற்கரையில் தோங்யோங், யோசு இரண்டு ஊரிலும் கடற்படைத் தலைமையகங்களின் பெருங்கூடங்கள் இருக்கின்றன, இரண்டிலும் இதே பலகை வழிபாடு நடந்திருக்கிறது. ஜப்பானிய ஆட்சியில் பள்ளிக்கூடமாக இருந்தவை. தோங்யோங்கின் செப்யோங்குவான் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது, ஐம்பது தூண்கள். யோசுவின் ஜின்னாம்குவானில் அறுபத்தெட்டு.

"முதல்ல அறுபத்தெட்டுக்கே போயிடலாம் அக்கா" என்கிறான். எனக்குத் தோங்யோங்தான் முதலில். பஸ்ஸில் சியோலில் இருந்து நாலு மணி நேரத்துக்குக் குறையாது. வசந்த காலத்தில் போவதாக முடிவு.